தாவீதோடு நின்றவர்கள்: தேவன் தெரிந்துகொண்ட தலைவனுக்கு உண்மையாயிருப்பது எப்படி?

வாலிபர் கூடுகையில் தாவீதைப் பற்றிய வேதபாடம் முடிந்ததும் ஒரு தம்பி என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். "தாவீதைத் தெரிந்துகொண்டது கர்த்தர். அப்படியிருக்க, அவனைச் சுற்றி நின்ற மனிதர்களுக்கு அதில் என்ன பங்கு? அவர்கள் இல்லாவிட்டாலும் தேவன் நினைத்தது நடந்திருக்கும்தானே?" இது முதல் கேள்வி. இரண்டாவதைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார். "தேவன் ஏற்படுத்திய தலைவருக்கு உண்மையாக இருப்பது என்றால், அவர் செய்வதைக் கேள்வி கேட்காமல் இருப்பதா?" வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன்.

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலிலேயே நேராகச் சொல்லிவிடுகிறேன்: இல்லை. சாமுவேலின் இரண்டு புத்தகங்களையும் விடாமல் வாசித்துப் பாருங்கள். தேவன் அழைத்த வழியிலிருந்து தாவீது விலகாதபடி காத்தவர்கள் பலர் அவனை மறித்துப் பேசியவர்கள். மற்றவர்கள் அவனிடம் எதையும் எதிர்பார்க்காமல் நின்றவர்கள். சொன்னதை வாய் திறக்காமல் செய்து முடித்தவன் ஒருவனும் அந்தக் கதையில் உண்டு. தாவீதின் படைத்தலைவன் யோவாப். அவனிடம் பிறகு வருகிறேன்.

பெத்லெகேமில் சாமுவேல் தைலக்கொம்பை எடுத்து ஈசாயின் கடைசி மகனை அபிஷேகம் பண்ணியது அவனுடைய சகோதரர் நடுவில். தேவனுடைய தெரிவு அன்றே முடிந்துவிட்டது. ஆனால் சிங்காசனம் அன்று வரவில்லை. அப்போது ராஜாவாயிருந்த சவுல் இறந்த பிறகு எப்ரோனில் யூதா மனுஷர் கூடி இரண்டாவது முறை அவனை அபிஷேகம் பண்ணினார்கள். அப்போது அவனுக்கு வயது 30. ஏழரை வருஷம் கழித்து, இஸ்ரவேலின் மூப்பர் எல்லாரும் அதே எப்ரோனுக்கு வந்து, அவனோடு உடன்படிக்கை பண்ணி, மூன்றாவது முறை தைலம் ஊற்றினார்கள். முதல் தைலத்தை ஊற்றியவர் தீர்க்கதரிசி. மற்ற இரண்டையும் ஊற்றியது ஜனங்கள். தாவீதை யார் என்று அந்த ஜனங்கள் தாங்களாகக் கண்டுகொள்ளும்வரை தேவன் காத்திருந்தார். இடைப்பட்ட காலத்தில் அவனை உயிரோடு வைத்திருந்தது என்ன? ஒருவர் கொடுத்த அப்பம், ஒருவர் கொடுத்த பட்டயம், ஒளிந்துகொள்ள ஓர் இடம், நேரத்துக்கு வந்து சேர்ந்த ஒரு செய்தி. ஒவ்வொன்றும் ஒரு மனிதர் கையிலிருந்து வந்தது. சிலருக்கு அதற்கு விலையாக உயிரே போனது.

அந்த மனிதர்கள் யார் என்று பார்த்தால் நமக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். அதுல்லாம் குகையில் அவனிடம் வந்து சேர்ந்த ஏறக்குறைய 400 பேரை 1 சாமுவேல் 22 மூன்று வார்த்தையில் சொல்லிவிடுகிறது: ஒடுக்கப்பட்டவர்கள், கடன்பட்டவர்கள், முறுமுறுக்கிறவர்கள். நம் சபைகளில் "முறுமுறுக்கிறவன்" என்று ஒருவனுக்குப் பெயர் வைத்துவிட்டால் அவனுக்கு எந்தப் பொறுப்பும் கொடுக்கமாட்டோம். மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது "மனம் கசந்தவர்கள்" என்ற பொருளுள்ள சொல். சவுலின் ஆட்சியில் நசுங்கி, கடன்காரனுக்குப் பயந்து ஓடி, உள்ளம் கசந்துபோனவர்கள் அவர்கள். இவர்களைக் கொண்டுதான் தேவன் ஒரு ராஜ்யத்தைத் தொடங்கினார். கொஞ்ச நாளில் அவர்கள் 600 பேர் ஆனார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாவீதின் மேல் உயிரையே வைத்திருந்த இந்த ஆட்கள்தான், தேவனுடைய நோக்கத்தைத் தப்பாகப் படித்து அவனைத் தவறான பக்கம் தள்ளப் பார்த்தவர்களும். எங்கேதி, சவக்கடலின் மேற்குக் கரையில் காட்டாடுகள் ஏறுகிற பாறைகள் உள்ள இடம். 3000 பேரோடு தேடி வந்த சவுல், தாவீதும் அவன் ஆட்களும் உட்புறத்தில் ஒளிந்திருந்த அதே குகைக்குள் தனியாக நுழைகிறான். உடனே ஆட்கள் கிசுகிசுக்கிறார்கள்: உம்முடைய சத்துருவை உம் கையில் ஒப்புக்கொடுப்பேன் என்று கர்த்தர் உமக்குச் சொன்ன நாள் இதுதான். கர்த்தர் அப்படிச் சொன்னதாக அதற்கு முன்னால் எந்த அதிகாரத்திலும் இல்லை. தலைவன்மேல் வைத்த பாசத்தில், நல்ல வாய்ப்பு ஒன்று கண்ணுக்கு முன் வந்ததும், அதைத் தேவ சித்தம் என்று அவர்களே பெயர் சூட்டிவிட்டார்கள். நான் வாசித்த அளவில் இந்த வசனம்தான் நம் கூட்டங்களில் அதிகம் நடக்கிற ஆபத்தை அப்படியே காட்டுகிறது. பொல்லாதவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. கூடவே பசியிருந்தவர்கள் சொன்னார்கள்.

தாவீது சவுலுடைய சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்தான். அதற்கே அவன் மனம் அவனை அடித்துக்கொண்டது. கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர்மேல் கை போடமாட்டேன் என்று தன் ஆட்களைத் தடுத்தான். இதுவரை எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். அதற்கு அடுத்தது என்ன? சவுல் வெளியே போனதும் தாவீதும் பின்னால் வந்து, அந்தத் துணித்துண்டைத் தூக்கிப் பிடித்து, 3000 பேர் வந்திருந்த அந்த மலையில் சத்தமாகக் கேட்கிறான்: என் தகப்பனே, இதைப் பாரும், நான் உமக்குத் துரோகம் செய்யவில்லை, நீரோ என் பிராணனை வேட்டையாடுகிறீர், கர்த்தர் உமக்கும் எனக்கும் நடுநின்று நியாயம் தீர்க்கட்டும். கை போடவில்லை, ஆனால் வாய் மூடவும் இல்லை. சவுலை அவன் கொல்லவில்லை என்பதை எடுத்துக்கொண்டு, சவுலை அவன் கேள்வி கேட்டதை விட்டுவிட்டால், அது பாதி வேதம்.

அடுத்த அதிகாரத்திலேயே அதே தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு ஒரு வீட்டாரை அழிக்கப் புறப்படுகிறான். காரணம், நாபால் என்ற பணக்காரன் பேசிய ஒரு அவமானமான பேச்சு. அவனுக்கு 3000 ஆடும் 1000 வெள்ளாடும் இருந்தன; கர்மேலில் மயிர் கத்தரிக்கிற நேரம்; அவன் மேய்ப்பரைக் காத்துக்கொடுத்த தாவீதின் ஆட்கள் வந்து கொஞ்சம் ஆகாரம் கேட்டார்கள். "தாவீது யார்?" என்றான் அவன். சவுலை மன்னித்தவனால் நாபாலைத் தாங்க முடியவில்லை. கூட இருந்த 400 பேரில் ஒருவனாவது "வேண்டாம் ஐயா" என்று சொன்னதாக இல்லை.

மறித்தது அபிகாயில், அந்த நாபாலின் மனைவி. 200 அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடு, ஐந்து படி வறுத்த பயறு, 100 வற்றல் திராட்சக்குலை, 200 அத்திப்பழ அடை எல்லாவற்றையும் கழுதைகள்மேல் ஏற்றி, கணவனுக்குச் சொல்லாமல், மலையின் மறைவில் இறங்கி வந்து தாவீதின் முன் விழுந்தாள். அவள் பேச்சை நிதானமாக வாசியுங்கள். கர்த்தர் உம்மை இஸ்ரவேலுக்கு அதிபதியாக வைக்கும் நாளில், வீணாக இரத்தம் சிந்தினேன் என்ற துக்கம் உமக்கு இருக்கக் கூடாது என்கிறாள். உம்முடைய சத்துருக்களின் பிராணனைக் கவணில் வைத்து எறிவதுபோல் கர்த்தர் எறிவார் என்கிறாள். கவண் என்ற ஒரு சொல்லால், கோலியாத்தின் முன் நின்ற அந்தப் பையனை அவனுக்கே ஞாபகப்படுத்திவிட்டாள். தாவீதின் எதிர்காலத்தைப் பற்றி அந்த 400 பேரும் நம்பியதைத்தான் அவளும் நம்பினாள். அவர்கள் அந்த நம்பிக்கையால் பட்டயத்தை உருவினார்கள். அவள் அதே நம்பிக்கையால் பட்டயத்தை உறைக்குள் போட வைத்தாள். உன்னை அனுப்பின கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று தாவீது சொன்னான். அப்படி அவன் சொன்னது தன்னைத் தடுத்த ஒருத்தியைப் பார்த்து.

சவுலின் மகன் யோனத்தானைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் நட்பு என்ற தலைப்பில். நான் வேறொன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். தாவீது உயிரோடிருக்கும்வரை உன் ராஜ்யம் நிலைக்காது என்று சவுலே அவனிடம் சொல்லிவிட்டான். அந்தக் கணக்கு சரிதான் என்று யோனத்தானுக்கும் தெரியும். தெரிந்தேதான் தன் சால்வை, வஸ்திரம், பட்டயம், வில், கச்சை எல்லாவற்றையும் கழற்றி அந்த மேய்ப்பனுக்குக் கொடுத்திருந்தான். பட்டத்து இளவரசன் தன் பட்டத்தையே கழற்றி வைத்தது அது. ஆனால் தகப்பனை விட்டு ஓடிப்போகவும் இல்லை. குற்றமில்லாத இரத்தத்துக்கு விரோதமாக ஏன் பாவம் செய்கிறீர் என்று முகத்துக்கு நேரே கேட்டான். தாவீதுக்காகப் பேசினதற்குத் தன்மேல் ஈட்டி எறிபட்டான். கடைசியில் கில்போவா மலையில் அதே தகப்பனோடு விழுந்தான். தலைவனைக் கேள்வி கேட்டவன், அவனோடு செத்தவன். இரண்டும் ஒரே ஆள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

சீப் வனாந்தரக் காட்டில் அவர்கள் கடைசியாகச் சந்தித்தபோது, நீர் ராஜாவாவீர், நான் உமக்கு இரண்டாவதாயிருப்பேன் என்று யோனத்தான் சொன்னான். அந்த இரண்டாவது இடம் அவனுக்குக் கிடைக்கவே இல்லை. அவன் கையில் வந்து சேர்ந்த பலன் எதுவுமில்லை. தேவனுக்குள் தாவீதின் கையைத் திடப்படுத்திவிட்டு வீட்டுக்குப் போனான் என்று வேதம் சொல்கிறது. அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிரியம். தன் மேல் சாய்ந்துகொள்ளச் சொல்லவில்லை, தேவன்மேல் சாயும்படி செய்துவிட்டுப் போனான்.

ஆசாரியரின் ஊரான நோபில் நடந்ததையும் விட்டுவிடக் கூடாது. தாவீதுக்குப் பரிசுத்த அப்பமும் கோலியாத்தின் பட்டயமும் கொடுத்த ஆசாரியன் அகிமெலேக்கையும் அவன் வீட்டாரையும் கொல்லச் சொல்லி சவுல் தன் சேவகருக்குக் கட்டளையிட்டான். அவர்கள் கையை நீட்ட மறுத்துவிட்டார்கள். தாவீதின் ஆட்கள் இல்லை அவர்கள். சவுலின் சொந்தக் காவற்சேவகர். ஏதோமியனாகிய தோவேக்கு ஒருவன்தான் முன்வந்து 85 ஆசாரியரை வெட்டினான். கட்டளைக்கு உடனே கீழ்ப்படிந்தவன் அவன் ஒருவனே. தப்பி ஓடி வந்த அகிமெலேக்கின் மகன் அபியத்தாரிடம், உன் தகப்பன் வீட்டாரின் சாவுக்கு நான்தான் காரணம் என்று தாவீது ஒப்புக்கொண்டான். ஆதரவாளருக்கு நேர்ந்ததை "தேவ சித்தம்" என்று சொல்லித் தள்ளிவிடவில்லை.

தாவீதும் அவன் ஆட்களும் குடியிருந்த சிக்லாகு ஊர் கொள்ளையிடப்பட்டு எரிந்த நாளில், அதே 600 பேர் தாவீதைக் கல்லெறிய வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அதையும் வேதம் மறைக்கவில்லை. பேசோர் ஆற்றண்டையில் களைத்து நின்றுவிட்ட 200 பேருக்கும் கொள்ளையில் சமபங்கு என்று தாவீது தீர்ப்புச் சொன்னதும் அந்த வாரத்திலேதான். பழைய மொழிபெயர்ப்பில் "ரஸ்துக்களண்டையில் இருந்தவர்கள்" என்று இவர்களுக்குப் பெயர். தட்டுமுட்டுச் சாமான்களைக் காத்துக்கொண்டு நின்றவர்கள்.

இப்போது யோவாப். 2 சாமுவேல் 11. எருசலேமில் உட்கார்ந்துகொண்டு தாவீது உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டான். உரியா ஏத்தியன், அந்நியன். போர்முனையிலிருந்து வரவழைத்து வீட்டுக்குப் போகச் சொன்னபோது, உடன்படிக்கைப் பெட்டியும் இஸ்ரவேலும் யூதாவும் கூடாரங்களில் இருக்க, நான் என் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் குடித்துப் படுப்பேனோ என்று சொல்லி அரண்மனை வாசலிலேயே சேவகரோடு படுத்துக்கொண்டான். தாவீதுக்கு விசுவாசமாயிருந்தவர்களில் இவனைப்போல ஒருவன் இல்லை. அவன் கையிலேயே அவனுடைய சாவுக் கடிதம் கொடுத்து அனுப்பப்பட்டது. யோவாப் அதை வாசித்தான். ஏன் என்று கேட்கவில்லை. ரப்பா பட்டணத்து மதிலுக்கு அருகே பலசாலிகள் நின்ற இடம் பார்த்து உரியாவை நிறுத்தினான். அவனோடு வேறு சில சேவகரும் செத்தார்கள். ராஜா கோபப்பட்டால் உரியாவும் செத்தான் என்று சொல் என்று தூதனுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

யோவாப் கோழை இல்லை. ஜனத்தை எண்ணச் சொன்னபோது ஆட்சேபித்தான். கலகம் செய்து செத்துப்போன மகன் அப்சலோமுக்காக ராஜா அழுதுகொண்டே இருந்தபோது, எழுந்து வெளியே வந்து ஜனத்தோடு பேசும் என்று கடிந்து சொன்னான். அந்தக் கடிதல் சரியானதும்கூட. அவனுக்குப் பேசத் தெரியும். தாவீதின் ஆத்துமாவுக்காக மட்டும் அவன் வாய் திறந்ததில்லை. அவன் காத்தது சிங்காசனத்தை. அதற்கு இடைஞ்சல் என்று பட்டவர்களை, தன் இடத்துக்குப் போட்டி என்று பட்டவர்களை, சேனாபதிகள் அப்னேரையும் அமாசாவையும், மகன் அப்சலோமையும், ராஜாவின் விருப்பத்துக்கு விரோதமாகவே கொன்றான். முடிவில் தேவன் தெரிந்துகொண்ட சாலொமோனை விட்டு, தாவீதின் இன்னொரு மகன் அதோனியாவின் பக்கம் போய், பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்தபடி செத்தான்.

உரியாவுக்காக வாய் திறந்தவர் தீர்க்கதரிசி நாத்தான். ஒரு மனிதனைச் சத்தமில்லாமல் கொன்று முடித்த ராஜாவின் முன் தனியாகப் போய் நின்று, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி, நீயே அந்த மனுஷன் என்றார். பின்னாளில் தாவீதுக்கும் பத்சேபாளுக்கும் பிறந்த பிள்ளைகளில் ஒருவனுக்கு நாத்தான் என்று பெயர் (1 நாளாகமம் 3). யாரை நினைத்து வைத்த பெயர் என்று வேதம் சொல்லவில்லை. லூக்கா எழுதிய வம்ச வரலாறு அந்த நாத்தான் வழியாகத்தான் போகிறது.

இந்தப் பாவத்தின் விலையோடுதான் அப்சலோமின் கலகமும் வருகிறது. அகித்தோப்பேல் தாவீதின் தலைசிறந்த ஆலோசகன். அவன் ஏன் அப்சலோம் பக்கம் போனான்? பத்சேபாளின் தகப்பன் பெயர் எலியாம். பராக்கிரமசாலிகளின் பட்டியலில் அகித்தோப்பேலின் மகன் ஒருவனுக்கும் எலியாம் என்று பெயர். இருவரும் ஒருவரானால், பத்சேபாள் அவனுக்குப் பேத்தி. வேதம் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆனால் பழங்காலந்தொட்டே பலர் இப்படி வாசித்திருக்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. தலைவனின் பாவம் முதலில் உடைத்தது அவனுக்கு மிக நெருங்கி நின்றவர்களின் விசுவாசத்தை.

தாவீது தலையை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு, அழுதபடி ஒலிவ மலை ஏறுகிறான். 2 சாமுவேல் 15. யார் கூட வருகிறார்கள் என்று பாருங்கள். காத் ஊரார் 600 பேரோடு கித்தியனாகிய ஈத்தாய். காத், கோலியாத்தின் ஊர். நீ அந்நியன், நேற்றுத்தான் வந்தாய், திரும்பிப் போ, கிருபையும் உண்மையும் உன்னோடிருக்கட்டும் என்று தாவீது விடுவிக்கிறான். ஈத்தாய் மறுக்கிறான்: செத்தாலும் பிழைத்தாலும் ராஜா இருக்கும் இடத்தில் நானும் இருப்பேன். சொந்த மகன் துரத்துகிறான், பெலிஸ்திய ஊரான் கூட நிற்கிறான்.

ஆசாரியன் சாதோக் உடன்படிக்கைப் பெட்டியோடு வருகிறான். பெட்டி கூட இருந்தால் தேவன் நம் பக்கம் என்று எல்லாரும் சொல்லுவார்கள். அதைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லுகிறான் தாவீது. கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தால் என்னைத் திரும்ப வரப்பண்ணுவார். என்மேல் பிரியமில்லை என்றால், இதோ இருக்கிறேன், அவருக்கு நலமானதைச் செய்யட்டும். எங்கேதியில் அவன் ஆட்கள் தேவ நோக்கத்தைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இங்கே அவன் அதைக் கையிலிருந்து விடுகிறான்.

அகித்தோப்பேலின் ஆலோசனையைப் பைத்தியமாக்கும் கர்த்தாவே என்று ஜெபிக்கிறான். மலையுச்சிக்கு வந்ததும் கிழிந்த வஸ்திரத்தோடு தாவீதின் சிநேகிதன் ஊசாய் எதிரே நிற்கிறான். ஜெபத்தின் பதில் ஒரு கிழவனாக வந்து நின்றதோ என்று எனக்குத் தோன்றும். வயதைப் பற்றி வேதத்தில் இல்லை, ஆனால் நீ என்னோடு வந்தால் எனக்குப் பாரமாயிருப்பாய் என்று தாவீது சொல்வதை வைத்து நான் அப்படி நினைத்துக்கொள்கிறேன். அகித்தோப்பேலின் ஆலோசனையைக் கெடுக்கும்படி ஊசாயை அவன் எருசலேமுக்கு, அப்சலோமிடம் திருப்பி அனுப்புகிறான்.

முதல் கேள்விக்கு நான் கொடுக்கக்கூடிய நல்ல பதில் 2 சாமுவேல் 17இல் இருக்கிறது. இன்று இரவே 12,000 பேரோடு போய்க் களைத்திருக்கிற தாவீதை அடித்துவிடலாம் என்று அகித்தோப்பேல் சொன்னான். அது சரியான யோசனை. வேதமே அதை நல்ல ஆலோசனை என்கிறது. ஊசாய் பேசிப் பேசி அதைத் தள்ளிப்போட வைத்தான். அடுத்த செய்தி தாவீதுக்குப் போக வேண்டும். ஆசாரியரின் பிள்ளைகள் யோனத்தானும் (சவுலின் மகன் அல்ல, அபியத்தாரின் மகன்) அகிமாசும் கீதரோன் பள்ளத்தாக்கின் தென்முனையில், என்ரோகேல் ஊற்றண்டையில் காத்திருக்கிறார்கள். ஊருக்குள் வந்தால் பிடிபடுவார்கள். ஒரு வேலைக்காரி போய்ச் செய்தி சொல்லுகிறாள். ஊற்றுக்குப் போகிற பெண்ணை யார் சந்தேகிப்பார்கள்? ஆனாலும் ஒரு பையன் பார்த்துவிட்டான். இருவரும் ஓடி, பகூரிமில் ஒரு வீட்டு முற்றத்துக் கிணற்றுக்குள் இறங்குகிறார்கள். அந்த வீட்டுக்காரி ஒரு பாயை எடுத்துக் கிணற்று வாயில் விரித்து, அதன்மேல் நொய்யைப் பரப்பிக் காயப்போடுகிறாள். அப்சலோமின் ஆட்கள் வந்து கேட்டபோது, வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்கிறாள். அவர்கள் தேடிவிட்டுத் திரும்புகிறார்கள். பகூரிம் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? தாவீதைத் தூஷித்துக் கல்லெறிந்த சீமேயியின் ஊர். அந்த ஊரில் இந்தப் பெண். பொழுது விடியுமுன் தாவீதும் கூட இருந்தவர்களும் ஒருவர் மிஞ்சாமல் யோர்தானைக் கடந்துவிட்டார்கள்.

அகித்தோப்பேலின் நல்ல ஆலோசனை அவமாகும்படி கர்த்தர் கட்டளையிட்டார் என்று அதே அதிகாரம் 14ஆம் வசனத்தில் சொல்லிவிட்டுத்தான் இந்த நொய்யையும் பாயையும் காட்டுகிறது. கர்த்தர் கட்டளையிட்டுவிட்டாரே, வேலைக்காரி ஏன் நடக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. அவருடைய கட்டளை நிறைவேறின விதமே அவள் நடந்த நடைதான். அவளுக்கும் வீட்டுக்காரிக்கும் பெயர்கூட எழுதப்படவில்லை.

தாவீது போய்ச் சேர்ந்த மக்னாயீமில் மூன்று பேர் வருகிறார்கள். மெத்தை, பாத்திரம், மண்பாண்டம், கோதுமை, மாவு, பயறு, தேன், வெண்ணெய், பால்கட்டி. ஜனங்கள் வனாந்தரத்தில் பசித்துக் களைத்திருப்பார்கள் என்று அவர்களாக நினைத்துக் கொண்டுவந்தது. மக்னாயீம், சவுலின் மகனுக்கு அப்னேர் பட்டம் கட்டிய ஊர். சவுல் வீட்டுக் கோட்டை. வந்தவர்களில் ஒருவன் அம்மோனியனாகிய சோபி. அவன் ஊர் ரப்பா, உரியா விழுந்த அதே பட்டணம். இன்னொருவன் லோதேபார் ஊரான் மாகீர். இந்தப் பெயரை முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறோம். யோனத்தானின் முடமான மகன் மேவிபோசேத்தைத் தன் வீட்டில் வைத்திருந்தவன் மாகீர்தான். யோனத்தான் நிமித்தம் தயவு செய்ய வேண்டும் என்று தாவீது அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடித்துத் தன் பந்தியில் உட்கார வைத்ததை மாகீர் பக்கத்திலிருந்து பார்த்தவன். யோனத்தான் கழற்றிக் கொடுத்த சால்வை, பல வருஷம் கழித்து, தாவீது ஓடிவந்து விழுந்த இடத்தில் மெத்தையாக விரிந்தது என்று நான் சொன்னால் அது அலங்காரம் இல்லை, தம்பி. மாகீர் என்ற ஒரு பெயர் இரண்டையும் கட்டுகிறது.

மூன்றாமவன் பர்சிலா, 80 வயது. கலகம் அடங்கி ராஜா திரும்பும்போது எருசலேமுக்கு வா, உன்னைப் பராமரிக்கிறேன் என்று அழைத்தான். எனக்குச் சாப்பாட்டின் ருசி தெரியாது, பாடுகிறவர்களின் சத்தம் கேட்காது, ராஜாவுக்கு ஏன் பாரமாக வேண்டும், என் தாய் தகப்பன் கல்லறையண்டையில் சாகிறேன் என்று சொல்லி, யோர்தான்வரை கூட வந்து, முத்தம் பெற்றுத் திரும்பிவிட்டான். தனக்குப் பதிலாகக் கிம்காம் என்பவனை மட்டும் அனுப்பினான். ஏறக்குறைய 400 வருஷம் கழித்து எருசலேம் விழுந்த பிறகு, எரேமியா 41இல் பெத்லெகேமுக்கு அருகே கிம்காமின் பெயரில் ஒரு தங்குமிடம் இருக்கிறது.

எபிரெயத்தில் "ஹெசெத்" என்று ஒரு சொல். உடன்படிக்கையை மறக்காத அன்பு. நம் வேதாகமத்தில் கிருபை, தயவு, தயை என்று வரும். யோனத்தான் தன் வீட்டாருக்காகத் தாவீதிடம் கேட்டது இதைத்தான். மேவிபோசேத்துக்குத் தாவீது செய்தது இது. ஈத்தாய்க்கு வாழ்த்தியது இது. பர்சிலாவின் பிள்ளைகளுக்குச் செய் என்று சாகும்போது சாலொமோனுக்குச் சொன்னதும் இது. அந்தச் சொல் மேலிருந்து கீழே மட்டும் போவதில்லை, கீழிருந்து மேலே மட்டும் போவதுமில்லை. தலைவனும் அதற்குக் கட்டுப்பட்டவன்.

"நான் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற வசனத்தை யாராவது உங்களிடம் சொன்னால், 105ஆம் சங்கீதத்தை 12ஆம் வசனத்திலிருந்து வாசித்துக் காட்டுங்கள். கொஞ்சப் பேராய், பரதேசிகளாய், ஊர் ஊராய் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரைத் தொடாதீர்கள் என்று தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்ட வார்த்தை அது. அதிகாரம் உள்ளவர்களுக்குச் சொன்னதை அதிகாரம் இல்லாதவர்களுக்கு எதிராகத் திருப்பக் கூடாது.

இதை நான் சும்மா எழுதவில்லை. பல வருஷம் முன்பு நான் இருந்த ஒரு கமிட்டியில், கட்டட நிதியின் கணக்கைக் கேட்ட ஒரு பெரியவரை "முறுமுறுக்காதீர்கள்" என்று சொல்லி உட்கார வைத்தார்கள். அவர் கேட்டது நியாயம் என்று எனக்குத் தெரியும். தலைவர்மேல் எனக்கு இருந்த மரியாதையால் பேசாமல் இருந்தேன். அதை அன்று விசுவாசம் என்று நினைத்தேன். அவர் அதற்குப் பிறகு ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவரைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்க எனக்கு ஆறு வருஷம் ஆனது.

அடுத்த கூடுகைக்கு 2 சாமுவேல் 15 முதல் 19 வரை ஒரே தடவையாகச் சத்தமாக வாசியுங்கள், ஆளுக்கொரு பாத்திரமாக. பிறகு 23ஆம் அதிகாரத்தின் பட்டியலுக்கு வாருங்கள். பெத்லெகேம் கிணற்றுத் தண்ணீரை உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த மூன்று பேரைப் பற்றிய செய்தி அங்கே இருக்கிறது. இது இவர்களின் இரத்தமல்லவா என்று சொல்லி தாவீது அதைக் குடிக்காமல் கர்த்தருக்கு ஊற்றிவிட்டான். பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். யோவாபின் தம்பி ஆசகேல் இருக்கிறான், சகோதரன் அபிசாய் இருக்கிறான், யோவாபின் ஆயுததாரி நாகராயும் இருக்கிறான். யோவாபுக்கென்று ஓர் இடம் இல்லை. மொத்தம் 37 பேர், கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. அந்தப் பெயர் வந்ததும் வாசிக்கிறவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்.